பூனையும் தயிர் சாதமும்

பூனையின் போஜனத்தைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும், "உலகத்தில் வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். அகப்படாமல் என்ன? ஆனால் சென்ற மாதம் தில்லை நகரில் நம் வீட்டில் நடந்த வாதப் பிரதிவாதங்களெல்லாம் இந்த ஒரே விஷயத்தைப் பற்றியவைதான்.

அடுத்த குறுக்குத் தெருவில் குடியிருந்த ஒரு குடும்பத்தார், உத்தியோக மாற்றலில் வெளியூர் போகும்போது தங்கள் பூனையை நம் பெண்ணிடம் ஒப்படைத்துச் சென்றார்கள். காலையில் பால், மத்தியானம் தயிர் சாதம், இரவில் மறுபடியும் பால் என்று அதன் ஆகார முறையையும் சொல்லிப் போனார்கள். நம் வீடோ தலைமுறை தலைமுறையாக மாமிசம் நுழையாத வீடு. "நமக்கென்றே பிறந்த பூனை!" என்று தாயார் பூரித்துப் போனார்கள்.

வாரம் முடிவதற்குள் கால்நடை வைத்தியரிடம் காட்டினோம். மங்கி உதிரும் ரோமத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடுகிறது?" என்பதைத்தான் அவர் முதலில் விசாரித்தார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

விஷயம் இதுதான். டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. அதைப் பூனையின் சரீரம் போதிய அளவு செய்துகொள்வதில்லை. மாமிசத்திலிருந்துதான் பெற்றாக வேண்டும். அது குறைந்தால் பூனையின் விழித்திரை பழுதடையும் என்று 1975-ல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். இருதயமும் பெருத்துத் தளர்ந்துவிடும் என்பது 1987-ல் வெளியாயிற்று. காரட்டிலுள்ள மஞ்சள் சத்தை நாம் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறோமே, அந்தச் சாமர்த்தியமும் பூனைக்கு இல்லை. மேல் நாட்டார் வீட்டில் வளர்க்கும் பெரட் என்னும் கீரி ஜாடைப் பிராணியும் மாமிசத்தையே நம்பிய ஜாதிதான்.

தாயார் லேசில் ஒப்பவில்லை. "ஸ்ரீரங்கத்து வீட்டில் எத்தனை பூனைகள்! எல்லாம் தயிர் சாதம் தின்றுதானே வளர்ந்தன?" என்றார்கள்.

நல்ல கேள்வி. அந்தப் பூனைகள் பகலில் தயிர் சாதம் தின்றது வாஸ்தவம். இரவில் பரணிலும் கொல்லையிலும் எலியும் பல்லியும் தின்றதை யார் கணக்கு வைத்தார்கள்? தயிர் சாதம் அவற்றுக்குத் தாம்பூலம் மாதிரி. நாம் இப்போது இருப்பதோ மூன்றாவது மாடி. ஜன்னலுக்கெல்லாம் வலை. இங்கே எலிக்கு எங்கே போவது? நாம் வைப்பதைத் தவிர அதற்கு வேறு கதி கிடையாது.

மார்ஜார நியாயம் என்று தென்கலை ஆசாரியர்கள் சொல்வது காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பூனைக்குட்டி தானாக ஒரு பிரயத்தனமும் செய்வதில்லை. தாய் கவ்விச் சென்ற இடத்துக்குப் போகிறது. மாடி வீட்டுப் பூனை கிழமானாலும் குட்டிதான். கவ்வுகிற வாய் நம்முடையது.

சைவ வீட்டார் பூனையே வேண்டாமென்று இருந்துவிடலாம். அது கௌரவமான முடிவு. பூனையையும் வைத்துக்கொண்டு, நம் விரதத்தை அதன் தலையில் கட்டுவதுதான் நமக்கு நியாயமாகப் படவில்லை.

வைத்தியர் சொற்படி, வளர்ந்த பூனைக்கு முழு ஆகாரம் என்று அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்கினோம். நாய்க்கு விற்பது பூனைக்கு உதவாது. பச்சை மீனை மட்டுமே போடுவதும் கூடாது. சில மீன்கள் தயாமின் என்ற வைட்டமினை அழித்துவிடுமாம். அண்டை வீட்டார் அன்போடு நீட்டும் குழம்புக் கறியைக் கண்டிப்பாக மறுக்க வேண்டும். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை. பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு ஜீரணமாவதில்லை. சித்திரங்களில் பூனைக்கு முன்னால் பால் கிண்ணத்தை வரைகிறவர்கள் கவனிப்பார்களாக!

தாயார் மூன்று நாள் யோசித்தார்கள். நான்காம் நாள், "அதன் தர்மம் அதற்கு. கிண்ணம் பால்கனியோடு இருக்கட்டும், சமையலறைப் பக்கம் வரக் கூடாது" என்று தீர்ப்பளித்தார்கள். புது ஆகாரத்தைப் பழைய சாதத்தோடு கலந்து, பத்து நாளில் சிறிது சிறிதாகச் சாதத்தைக் குறைப்பதாக ஏற்பாடு. ஏழாம் நாளே பூனை சாதத்தை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்றது. தாயாருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.