துடுப்பு வலித்தவர்கள்



2022 செப்டம்பர் 21 அன்று, உக்ரைன் போருக்கு ஆள் திரட்டும் ஆணையை ருஷ்ய அதிபர் புதின் பிறப்பித்தார். 3,00,000 பேர் அழைக்கப்படுவர் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த நாட்களில் ஜார்ஜியா எல்லையில் வாகனங்கள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன; சிலர் மிதிவண்டியிலேயே மலைப்பாதையைக் கடந்தார்கள். அந்தப் படங்களைக் கண்டபோது என் உள்ளத்தில் எழுந்த முதல் சொல் "கோழைகள்" என்பதே. அதை உங்களுக்கு மறைக்க மாட்டேன். கொலை செய்ய மனமில்லாதவனும், தன் உயிருக்கு மட்டும் அஞ்சியவனும் அந்த வரிசையில் அருகருகே நின்றிருப்பார்கள். அவர்கள் இருதயத்தை ஆராய நான் யார்?

அடைக்கலம் தந்தவர்களின் கசப்பும் பொய்யல்ல. ஜார்ஜியா 2008-இல் ருஷ்யாவோடு போரிட்டது. நாட்டின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்றும் அதன் ஆளுகையில் இல்லை. வந்தவர்களால் திபிலீசியில் வீட்டு வாடகை மளமளவென ஏறியது. ருஷ்யரைத் திரும்பிப் போகச் சொல்லும் வாசகங்கள் சுவர்களில் தோன்றின.

இப்போது யோனாவின் கப்பலை நினைத்துப் பாருங்கள். ஓடிப்போகிற ஒருவனால் புயல் வந்தது. சரக்கை இழந்தவர்களோ குற்றமற்ற கப்பற்காரர். காரணம் அவன்தான் என்று அறிந்தபின்பும், தன்னைக் கடலில் எறியும்படி அவனே சொன்னபின்பும், அவர்கள் முதலில் செய்தது என்ன? கரைசேரத் துடுப்பு வலித்தார்கள்.

கஜகஸ்தானின் ஓரல் நகரில், தங்க இடமின்றி வந்த ருஷ்யருக்கு ஒரு திரையரங்கம் இரவில் கதவு திறந்தது. அதே நாடு அவ்வாண்டு டிசம்பரில், காட்டுவழியே எல்லை கடந்து வந்திருந்த ருஷ்ய அதிகாரி ஒருவரைத் திருப்பி அனுப்பியது. அவருக்கு ஆறரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. துடுப்பு வலித்த கையும் கடலில் எறிந்த கையும் ஒரே தேசத்தில் இருந்தன. நம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கின்றன.

பிரியமானவர்களே, ஓடிவந்தவனைப் புகழ்ந்து பேசும்படி வேதம் நம்மைக் கேட்கவில்லை. யோனாவும் தன் குற்றத்தை அறிக்கையிட வேண்டியிருந்தது. ஆனால் அவனைக் கைவிடுமுன் நாம் எவ்வளவு தூரம் துடுப்பு வலித்தோம் என்பதைக் கர்த்தர் கேட்பார். இவ்வாரம் உங்கள் வாசலுக்கு வருகிறவனின் பூர்வக் கதையை விசாரிக்குமுன், அவன் சாப்பிட்டானா என்று கேளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.