சிறு துளையும் பெருந் தடையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேனி முதல் கூடலூர் வரை நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையின் நீர் பாய்ந்து வளம் செய்யும் நிலம் அது. எனினும் அங்கு வாழ்வோர் பலருக்குப் பிழைப்பு மலைக்கு அப்பால் உள்ளது. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய வழிகளில் அவர்கள் சென்று மீள்கின்றனர். ஜீப்பில் செல்வோர் பலர். மோட்டார் சைக்கிளில் செல்வோரும் பலர். போடிநாயக்கனூரை அடுத்த முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அச்சாலையில் ஏறுங்கால் எஞ்சின் துணை. இறங்குங்கால் பிரேக் துணை. அத்துணையே பகையாக மாறுதலும் உண்டு. அது மாறுவது எவ்வாறு, அதன் காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு என்பன வண்டி ஓட்டுவோர் அனைவரும் அறியத்தக்கன.

மாலையில் போடிமெட்டிலிருந்து இறங்கும் ஒருவரை எண்ணுக. வளைவுதோறும் அவர் முன் பிரேக்கை அழுத்துகிறார்; பின் விடுகிறார். ஐந்தாறு வளைவுகள் கடந்தபின் லீவர் முன்னினும் இறுகி நிற்கிறது. கை விட்ட பின்னும் பிரேக் முழுதும் விடுவதில்லை. ஆயினும் அவர் அதனை உணரார். ஏற்றமாயின் எஞ்சின் திணறிப் பிழையை அறிவித்திருக்கும். சமதரையாயின் வேகம் குறைந்து அறிவித்திருக்கும். இறக்கத்திலோ வண்டி தன் எடையாலேயே செல்லுதலின் பிழை மறைந்து நிற்கிறது. கருகிய வாடை எழும்போதுதான் ஐயம் பிறக்கிறது. அப்போதும் நிறுத்தாமற் சென்றால் சக்கரம் முற்றும் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் நின்று வண்டி வழுக்கினால் ஓரளவு சமாளித்தல் கூடும். முன்சக்கரம் நின்றாலோ வண்டியைத் திருப்பும் ஆற்றலும் நிலைநிறுத்தும் ஆற்றலும் ஒருங்கே அழியும். ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமான சாலையில் அதன் விளைவை விரித்துரைத்தல் வேண்டா.

இனி, அந்தப் பிரேக் இயங்கும் முறையை அறிதல் வேண்டும். முன்சக்கரத்துடன் சுழலும் வட்டத் தகடு டிஸ்க் எனப்படும். அதனை இருபுறமும் கவ்வும் கட்டைகள் பேட் எனப்படும். பேட்டுகளைத் தாங்கும் கூடு காலிப்பர். கைப்பிடியருகே மாஸ்டர் சிலிண்டரும் அதன்மேல் ஆயில் கிண்ணமும் உள்ளன. சிலிண்டரையும் காலிப்பரையும் ஹோஸ் என்னும் குழாய் இணைக்கிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒப்பப் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். அவ்விதியே இங்குத் தொழிற்படுகிறது. மேலே உள்ள பிஸ்டன் 12 மில்லிமீட்டர் விட்டமும், கீழே உள்ளது 24 மில்லிமீட்டர் விட்டமும் உடையன எனக் கொள்க. கீழ்ப் பிஸ்டனின் பரப்பு நான்கு மடங்காதலின் விசையும் நான்கு மடங்காகும். இரண்டு விரல்களின் அழுத்தம் விரையும் வண்டியை நிறுத்துவது இதனாலேயே.

அழுத்தம் சென்று சேர்தல் எவ்வளவு இன்றியமையாததோ, அது மீண்டு வருதலும் அவ்வளவு இன்றியமையாதது. மாஸ்டர் சிலிண்டரின் சுவரில் ஊசி முனை போன்ற சிறு துளை ஒன்று உள்ளது. லீவரை விட்டவுடன் பிஸ்டன் பின்வாங்கும், துளை திறக்கும். வெப்பத்தால் விரிந்த ஆயில் அத்துளை வழியே கிண்ணத்திற்கு ஏறிவிடும். குளம் நிறைந்தபோது மிகை நீரை வெளியேற்றும் மறுகால் போன்றது இத்துளை. மறுகால் அடைபட்டால் கரைக்கு ஊறு நேரும். துளை அடைபட்டால் சக்கரத்திற்கு ஊறு நேரும். விரிந்த ஆயில் செல்ல வழியின்றிப் பேட்டுகளை நெருக்கும். நெருக்கத்தால் உராய்வு மிகும். உராய்வால் வெப்பம் மிகும். வெப்பத்தால் ஆயில் மேலும் விரியும். கை தொடாமலே பிரேக் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும்.

துளை அடைபடுவதற்குக் காரணங்கள் சில உள. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நெடுநாள் மாற்றப்பெறாத ஆயிலில் ஈரம் சேர்ந்து, உலோகம் அரித்து, கசடு படியும். டாட் 4 என்னும் வகையின் கொதிநிலை புதிதாயின் 230 பாகை செல்சியசுக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் அதற்கு வரையறுத்த கீழெல்லை 155 பாகையே. பிரேக் ஆயில் வேண்டிய இடத்தில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வாசர்கள் ஊதிப் பெருத்துத் துளையை மூடும். அழகு கருதி மாற்றிய லீவர் அளவொவ்வாது பிஸ்டனை ஓயாது அழுத்திக்கொண்டிருந்தாலும் துளை திறவாது. கிண்ணத்தில் ஆயிலை அளவுக்கு மேல் நிரப்பினும் விரிவுக்கு இடமின்றிப் போகும்.

துளையன்றி வேறிடங்களிலும் பிழை நேரலாம். பழைய ஹோஸ் உட்புறம் வீங்கியிருப்பின், கையின் வலிய அழுத்தம் ஆயிலைக் கீழே செலுத்தும். மீளும் ஆயிலுக்கோ வலிமை போதாது. காலிப்பரின் பிஸ்டன் துருவாலும் சேற்றாலும் சிக்கிக்கொள்ளலாம். காலிப்பர் நகரும் பின்கள் மசகின்றி இறுகலாம். ஆக, அறிகுறி ஒன்று, காரணங்கள் பல. காரணத்தைத் தேராமல் கைக்கு எட்டிய உறுப்பை மாற்றுதல் பயன் தாராது.

தேரும் முறை எளியதே. ஆனால் பிரேக் பிடித்திருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும். வண்டியை நிறுத்தி முன்சக்கரத்தை உயர்த்திக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். டிஸ்க் சுடும், தொடலாகாது. முதலில் லீவருக்குச் சிறிது தளர்வு உளதா என்று நோக்க வேண்டும். தளர்வு இருந்தும் சக்கரம் சுழலாதாயின், மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட்டைத் துணி சுற்றிச் சற்றே தளர்த்துக. சக்கரம் விடுபட்டால் பிழை மாஸ்டர் சிலிண்டரில் உளது. விடுபடாவிடின், காலிப்பரில் உள்ள ப்ளீடிங் நிப்பிளைத் தளர்த்துக. அப்போது விடுபட்டால் பிழை ஹோஸில் உளது. அப்போதும் விடுபடாவிடின் அடைபட்ட அழுத்தம் காரணமன்று; காலிப்பரிலுள்ள பிஸ்டனோ பின்னோ இறுகியுள்ளது என்பது தெளிவு. இங்ஙனம் மேலிருந்து கீழாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஆராய்ந்தால் பிழை ஒளிய இடமில்லை. இரண்டை ஒருங்கே தளர்த்தினால் எதனால் விடுபட்டது என்பது விளங்காது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. ஓட்டுநர் மிக அழுத்தும்போது சக்கரம் நின்றுவிடாமற் காப்பது அது. அடைபட்ட துளைக்கோ துருவேறிய பிஸ்டனுக்கோ அது மருந்தாகாது. அவ்வமைப்புள்ள வண்டியில் சிலிண்டருக்கும் காலிப்பருக்கும் இடையே வேறோர் உறுப்பும் இருத்தலின், அதனை அறிந்த மெக்கானிக்கிடம் காட்டுதலே தக்கது.

இப்பிழையின் கொடுமை அதன் வலிமையில் மட்டும் இல்லை; அதன் ஒளிப்பிலும் உள்ளது. சாலையோரத்தில் அரைமணி நேரம் நிறுத்தினால் ஆயில் குளிர்ந்து சுருங்கும். சக்கரம் தானே விடுபடும். ஓட்டுநர், "சரியாகிவிட்டது" என்று எண்ணி எஞ்சிய வளைவுகளில் இறங்குவார். மறுநாள் பட்டறைக்குக் கொண்டு சென்றாலும் குளிர்ந்த வண்டியில் பிழை தோன்றாது. கருகிய பேட்டைக் கண்டு புதிய பேட்டைப் பொருத்தி அனுப்புவர். கருகியது பேட், கருக்கியது வேறொன்று. நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி வண்டியை ஓட்டிச் செல்வதும் இத்தகையதே. சில வளைவுகளுக்குள் அழுத்தம் மீண்டும் சேரும்; காற்றுப் புகுந்திருப்பின் பிரேக்கே பிடியாது போகும். மலை மேல் பிரேக் ஒருமுறை தானாகப் பிடித்தால், குளிர்ந்தபின் அது விட்டாலும், வண்டியை வேறு வாகனத்தில் ஏற்றிக் கீழே கொணர்தலே அறிவுடைமை. அன்றைய கூலி குறையலாம். ஆள் வீடு சேர்வான்.

மருத்துவர்க்குத் திருவள்ளுவர் வகுத்த முறையும் இதுவே. பிணி இன்னதென்று அறிதல், அது தோன்றிய காரணத்தை அறிதல், அதனைத் தணிக்கும் வழியை அறிதல் என்னும் மூன்றையும் வரிசைப்படுத்தி, அதன் பின்னரே மருத்துவம் செய்யுமாறு 'மருந்து' என்னும் அதிகாரத்தில் அவர் அறிவுறுத்தினார். காரணம் கண்ட மெக்கானிக் துளையைத் தூய்மை செய்வார், வாசர்களை மாற்றுவார், புதிய ஆயிலை அளவறிந்து ஊற்றுவார். அத்துடன் அவர் பணி முடிவதில்லை. சமதரையில் வண்டியை ஓட்டிப் பலமுறை பிரேக்கை அழுத்தி, அது சூடேறிய பின்னும் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்தல் வேண்டும். வெப்பத்தில் தோன்றிய பிழை நீங்கியது என்பதற்கு வெப்பமே சான்று தரவேண்டும். அச்சான்று கிடைத்த பின்னரே அவ்வண்டி மலையேறத் தகுதியுடையது.