வசந்தமும் இளவேனிலும்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் இன்றும் குடியிருக்கின்றன. நாம் அமர்வது கதிரை. திண்ணையில் நீட்டிப் படுப்பது வாங்கு. உடுப்பு வைப்பது அலுமாரி. காலையிலே பல வீடுகளில் உண்பது பாண். அவர்கள் இக்குடாநாட்டை ஆண்டது 1619 தொடக்கம் 1658 வரை, 40 ஆண்டும் நிரம்பாத காலம். ஆயினும் தளபாடமும் தின்பண்டமும் நம் நாவில் ஏறிவிட்டன. பருவத்தின் பெயர் ஒன்றேனும் ஏறவில்லை. கதிரையைக் கப்பலில் ஏற்றி வரலாம். பருவத்தை எவ்வாறு ஏற்றுவது?

இவ்வெண்ணத்தைக் கிளப்பிவிட்டவள் பாரிசு நகரில் வாழும் என் தங்கையின் மகள். வயது பன்னிரண்டு. பருவங்களின் பெயரைத் தத்தம் வீட்டு மொழியிலே பொருளுடன் எழுதிவருமாறு பள்ளியிற் பணித்தார்களாம். "மாமா, 'பிரேந்தாம்' எண்டால் தமிழிலை என்ன?" என்று தொலைபேசியிற் கேட்டாள். "இளவேனில்" என்றேன். "அதின்ரை கருத்து?" "இளைய வெப்பம்." மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "இஞ்சை அப்ப குளிர்க் கோட்டுக்கூடக் கழட்டேல்லை, மாமா" என்றாள்.

அவளுடைய ஐயம் நியாயமானதே. பெயரிட்டவன் எந்த நிலத்தில் நின்று பெயரிட்டான் என்பதைப் பருவப் பெயர்கள் மறைப்பதில்லை. 'பிரேந்தாம்' என்பது 'முதற் காலம்' எனப் பொருள்படும் இரண்டு இலத்தீன் சொற்கள் தேய்ந்து ஒன்றானது. பனியிலே அடைபட்டுக் கிடந்தவனுக்கு அது கலைந்தபின் வருவதுதானே முதற்காலம்! இலத்தீனின் ஏனைய பிள்ளைகளாகிய இத்தாலியமும் ஸ்பானியமும் போர்த்துக்கேயமும் 'பிரிமவேரா' என்று கூறும். உருமேனிய மொழி 'பிரிமவரா' என்னும். இதில் முற்பகுதிக்கு 'முதல்' என்பது பொருள். எஞ்சிய பகுதி, இப்பருவத்துக்கு இலத்தீனில் வழங்கிய பழம்பெயராகிய 'வேர்' என்பது. பிரெஞ்சுக்காரரும் முன்னாளில் இதே சொல்லைத் தம் ஒலிக்கேற்ப 'பிரிம்வேர்' என வழங்கினர். 'பிரேந்தாம்' வந்து அதனைத் தள்ளிவிடவே, பனி கரையும் நாளில் மலரும் ஒரு சிறு பூவின் பெயராக அஃது ஒடுங்கிப்போயிற்று.

'வேர்' என்றதும் நம்மவருட் சிலர் துள்ளி எழக்கூடும். வேனிலும் வேரும் ஒன்றே, இலத்தீனுக்கும் தாய் தமிழே என்று மேடையில் முழங்கக் கேட்டுமிருக்கிறோம். அத்தகைய ஒட்டுவேலையால் தமிழுக்கு ஒரு பெருமையும் வந்துவிடாது. வேனில் என்பது 'வே' என்னும் வினையடியிற் பிறந்தது. வேதலும் வேக்காடும் அதன் சுற்றம். இலத்தீனின் 'வேர்' வேறு குலம். ஓசை ஒத்தது தற்செயல். உண்மையான உறவு, வடமொழியிலிருந்து நாம் பெற்ற 'வசந்தம்' என்னும் சொல்லிலேதான் இருக்கிறது. 'வசந்த' என்பதும் இலத்தீனின் 'வேர்' என்பதும் ருசியரின் 'வெஸ்னா'வும் ஒரே மூலத்திற் பிறந்தவை என்பது மொழிநூலார் துணிபு. நம் வீட்டுக்கு வந்த மருமகளும் இத்தாலியர் வீட்டுப் பாட்டியும் ஒரே வமிசத்தவர்!

அந்தப் பாட்டியின் பிற்காலமும் சுவையானது. வேரின் தொடக்கம் மட்டும் 'முதல் வேர்' என வசந்தத்துக்குப் பெயராய் நிலைத்தது. அதன் வழிப்பிறந்த ஸ்பானியச் சொல்லாகிய 'வெரானோ', வெயிலைத் தொடர்ந்து நகர்ந்து நகர்ந்து, இன்று கோடையைக் குறிக்கிறது. உருமேனியரின் 'வரா'வும் கோடையே. நகர்ந்துகொண்டிருந்த சொல்லை நடுவழியிற் காணவேண்டுமாயின், செர்வாந்தேசு எழுதிய தோன் கிகோத்தேயின் இரண்டாம் பாகத்தைப் பார்க்கலாம். 1615 இல் வெளிவந்த அந்நூலில் ஓரிடத்திலே பருவங்கள் ஐந்தாக எண்ணப்படுகின்றன. முதலிற் பிரிமவேரா, அடுத்து வெரானோ, அதற்கும் பின்னரே கடுங்கோடையாகிய எஸ்தீயோ.

நம் முன்னோர் வேனிலை இரண்டாகப் பகுத்ததும் ஏறக்குறைய இவ்வாறே. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆனால் அவர்கள் இளையதென்று கண்டது வெப்பத்தை. பனியின் முடிவை அன்று. ஐங்குறுநூற்றில் 'இளவேனிற் பத்து' எங்கே அமைந்திருக்கிறது? பிரிவுக்குரிய பாலைத் திணையிலே. மரங்கள் தவறாது பூத்துவிட்டன, போனவன் இன்னும் திரும்பவில்லை என்பதே அங்கு தலைவியின் துயர். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, முற்றத்து மாமரம் பூப்பதைப் பார்த்திருக்கும் நம் ஊர்த் தாய்மாருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒரு சிறுமிக்குத் தொலைபேசியிற் கூற இயலுமா? இரண்டு பெயரையும் எழுதுமாறு சொன்னேன். வசந்தத்துக்கு நேரே 'பிரிமவேராவின் ஒன்றுவிட்ட சகோதரி' என்றும், இளவேனிலுக்கு நேரே 'அம்மாவின் ஊரில் வெயில் தொடங்கும் காலம்' என்றும் எழுதினாளாம்.

அம்மாவின் ஊரிலே வசந்தம் எங்கே இருக்கிறது? கோயிலில் இருக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா ஆடி, ஆவணியில் நிகழ்வது. கால் சுடும் அந்த நாள்களிலும் வசந்தமண்டபப் பூசை கண்ட பின்னரே முருகன் வெளிவீதிக்கு எழுந்தருளுகிறான். மட்டக்களப்பிலே வசந்தன் கூத்தில் இருக்கிறது. அப்பாடல்களைத் திரட்டி 1940 இல் வெளியிட்டவர் நம் தி. சதாசிவ ஐயர். இவ்விரண்டுக்கும் அப்பால் அது மாணவரின் கட்டுரைக் கொப்பிகளிலே வாழ்கிறது. 'வசந்த காலம்' என்று தலைப்பிட்டால் போதும். பனி விலகும், சோலை துளிர்க்கும், தென்றல் தவழும். எழுதுகிறவன் நெற்றியிலிருந்து வியர்வை தாளில் விழுந்துகொண்டிருக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலே நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறான். பனைமரத்தின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டுவிடுகிறது. வேம்பு பூத்துக் கொட்டும் காலமும் அதுவே. அப்பூவைப் பாயிலே காயவைத்து வடகம் போடுகிறவர்கள் கண்ட வசந்தம் எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை.

அவர்கள் ஆண்டை அளந்தது காற்றினால். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோளகம். புலவர் பாடிய தென்றலும் தெற்கிலிருந்து வருவதே. நம்மிடம் வந்து சேரும்போது அது மணலை அள்ளி வீசி, பனையோலையை உலுக்கி, படலையை அடித்துச் சாத்துகிறது. சோளகம் பெயர்ந்துவிட்டதென்று என் பாட்டனார் கூறினால், மறுநாளே கூரைக்குக் கட்டுப் போடுவார். நாள்காட்டியைப் பார்த்து அவர் எதையும் தொடங்கியதாக எனக்கு நினைவில்லை.

சென்ற தவணையிலே, பெரும்பொழுது ஆறும் படிப்பித்த பின்னர், இக்காற்றுகளின் பெயரை வகுப்பிற் கேட்டேன். வாடையைச் சிலர் அறிந்திருந்தனர். கச்சான் என்றதும் வகுப்பே சிரித்தது. திருவிழாவிலே வறுத்து விற்கும் கச்சானைத் தவிர வேறொரு கச்சானை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. கொண்டல் எத்திசைக் காற்று என்றேன். பின்வாங்கிலிருந்த குருநகர்ப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து, வாய் திறவாமலே, சன்னலுக்கு வெளியே கிழக்கே கைகாட்டினான்.