திருப்புடைமருதூரில் மூன்று நாட்கள்

போன வருடம், அதாவது 2024 தை மாதக் கடைசியில், அக்கா வீட்டுக்குப் போய் வந்ததைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போதுதான் கை வந்தது.

அக்காவுக்கு எழுபத்துநான்கு வயது. என்னைவிட ஏழு வயது மூத்தவள். அத்தான் காலமான பிறகு திருப்புடைமருதூரில் தனியாகத்தான் இருக்கிறாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. அந்த இரண்டு நாட்களும் அக்காவின் போன் கிடைக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் மருமகன் தவித்துப்போனான். தண்ணீர் வடிந்த பிறகு, பின்வாசல் சேற்றைக் கழுவப்போய் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டில் அடி வேறு. "மாமா, நீங்க போய்ப் பேசிக் கூட்டிட்டு வாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கா" என்றான். நானும் பெரிய மனுஷனாக ஒப்புக்கொண்டேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி போய், செங்கோட்டை பாசஞ்சரில் மாறினேன். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, அடுத்து வீரவநல்லூர். காருகுறிச்சி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தாலே எனக்கு அருணாசலத்தின் நாதஸ்வரம் காதில் கேட்டுவிடும். வீரவநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வழி நெடுகப் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் கோப்பு எழுதியவன் இல்லையா? காரணம் ஒன்று, காரணம் இரண்டு என்று வரிசையாக வைத்திருந்தேன்.

தைப்பூசக் கூட்டம் போய் ஊர் அமைதியாக இருந்தது. கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடம் இது. கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் கொக்கும் நாரையுமாக வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தன. ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளைத் தங்கள் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்கள். 2005-ல் இந்த இடத்தைப் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அரசு அறிவித்தது. அந்த வகையில் இந்தியாவிலேயே இதுதான் முதலாவது.

"ஏல, வந்துட்டியா? மெலிஞ்சு போயிட்டியே" என்றாள் அக்கா. கையில் கட்டு. அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி அடுப்படியில் சொதி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். எனக்காகவாம்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். நாறும்பூநாதர் சந்நிதியில் லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் போனபோது எதிர்க்கரையில் நின்ற கருவூர்ச் சித்தர், "நாறும்பூ நாதா" என்று கூப்பிட, அந்தக் குரலைக் கேட்கச் சுவாமி தலையைச் சாய்த்தார் என்பது ஐதீகம். 1971-ல் அக்கா கல்யாணத்துக்கு வந்தபோது, பதினாலு வயதில் இந்தக் கதையைக் கேட்டேன். ராஜகோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உள்ள ஓவியங்களையும் மரச் சிற்பங்களையும் அத்தான்தான் கூட்டிப்போய்க் காட்டினார்.

மறுநாள் கையை எக்ஸ்ரே எடுக்க அம்பாசமுத்திரம் போனோம். எலும்பு கூடி வருகிறது என்றார் டாக்டர். திரும்பும்போது ஆற்றுப்பாலம் தாண்டிக் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கினோம். "தாமிரபரணித் தண்ணியிலதான் இந்த ருசி" என்றாள். நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று என் கோப்பைப் பிரித்தேன். வயசு, வெள்ளம், டாக்டர் வசதி, பேரன் பேத்தி, எல்லாம் சொன்னேன். வீரவநல்லூர் வரும்வரை அவள் வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னாள்:

"இந்தக் கல்லிடைக்குறிச்சி நடராசரை 1982-ல திருடிட்டுப் போனாங்க. ஆஸ்திரேலியாவுல கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருந்தாரு. 2019-ல திரும்ப வந்தாரு. முப்பத்தேழு வருஷம் ஆனாலும் சாமி தன் ஊருக்கு வந்துட்டாரு. நீ என்னைக் கூண்டுக்குள்ள கூப்பிடுதே."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவளாகவே பேசினாள். வெள்ளத்தன்று பின்கட்டுப் படி வரை தண்ணீர் ஏறியதாம். கரண்டு இல்லை. இருட்டில் அடுத்த வீட்டுப் பையன் வந்து முதுகில் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனானாம். "பயமாத்தான் இருந்துச்சு தம்பி. இல்லைன்னு சொல்லல. ஆனா ஒண்ணு சொல்லுதேன். பெங்களூர்ல மூணு மாசம் இருந்தேன்ல? காலையில எல்லாரும் போயிருவாங்க. கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருப்பேன். அங்க விழுந்து கிடந்தா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பாப்பாங்க. இங்க காலையில வாசத் தெளிக்கலைன்னா நாலு பேரு கதவைத் தட்டிருவாங்க."

அவள் இதையெல்லாம் எங்களிடம் ஏன் முன்பே சொல்லவில்லை? கேட்டேன். "நீயும் அவனும் போன் பண்ணா 'வந்துரு, வந்துரு'ன்னுதானே பேசுதீங்க. நான் பேச எங்க விட்டீங்க?" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. சாய்ந்த லிங்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்றாம் நாள் கொத்தனாரைப் பிடித்துப் பின்வாசல் படிக்கு இரும்புக் கைப்பிடி வைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்தேன். அடுத்த வீட்டுப் பெண் ராத்திரி துணைக்குப் படுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் மட்டும் மகன் வீட்டில் இருப்பது என்று நான் கேட்டேன். "மார்கழியில கோயிலுக்கு யாரு போறது? கார்த்திகை முடிய வேணும்னா இருக்கேன்" என்றாள். போன தடவை வெள்ளம் வந்ததே மார்கழி பிறந்த அன்றைக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். பிடி கொடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போனேன். வழியில் பத்தமடையில் இறங்கினேன். அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய பட்டுப் பாய் இந்த ஊரில் நெய்ததுதான். கோரையை ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நூல் மாதிரிக் கிழித்து நெய்கிறார்கள். ரொம்ப நைசான பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும் என்றார் நெய்துகொண்டிருந்த அம்மா. அக்காவின் பாய் வெள்ளத்தில் நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. புதுசு ஒன்றுக்குச் சொல்லிப் பணம் கட்டி, வீரவநல்லூர் வழியாக அவளுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

மருமகனுக்குப் போன் செய்து, போன காரியம் முடியவில்லை என்றேன். அவனுக்கு வருத்தம்தான். எனக்கும் பயம் முழுதாகப் போகவில்லை. வானிலை அறிக்கையில் "தென் மாவட்டங்கள்" என்று வந்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் தினமும் ராத்திரி ஏழு மணிக்கு அக்காவுக்குப் போன் செய்கிறேன். "என்னக்கா விசேஷம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். அவள் பேசுகிறாள். நாரை எத்தனை குஞ்சு பொரித்திருக்கிறது, ஆற்றில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது, எல்லாம் எனக்கு இப்போது தெரியும்.