ஒளி போன டயலுக்கு என்ன விலை?

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர் எழுந்துவிடும். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் இருட்டோடு கிளம்பி, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டைத் தொடும்போதுதான் கிழக்கு வெளுக்கும். மலைமேல் சிலருக்கு இரவுதான் வேலை நேரம். பறித்த காயை ஸ்டோரில் உலர்த்தும்போது சூடு 50 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். கூடினால் காயின் பச்சை போய்விடும். பச்சை போனால் ஏலத்தில் விலையும் போய்விடும். இரவெல்லாம் மணி பார்த்து மணி பார்த்து விறகு தள்ளுகிற வேலை அது. கரண்ட் வராத காலத்தில் இப்படி இருட்டில் உழைத்தவர்களுக்கு, முள்ளும் புள்ளியும் தானாக ஒளிரும் ரேடியம் வாட்ச் ஆடம்பரப் பொருளே இல்லை. அந்த வாட்சுகள் இப்போது யார் கைக்குப் போகின்றன என்று பார்க்கத்தான் போடிக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வாட்ச் கடை. ஒருவர் உட்கார இடம், முன்னால் கண்ணாடிப் பெட்டி, தலைக்கு மேல் ஒரு லைட். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், அப்பாவிடம் தொழில் படித்தவர். கங்காணிகளும் ஜீப் டிரைவர்களும் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போன வாட்சுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். சாவி கொடுக்கிற எச்எம்டிதான் அதில் அதிகம். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கைகொடுக்க, 1961இல் பெங்களூரில் அரசு தொடங்கிய ஆலையின் வாட்சுகள் அவை. 2016இல் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அதற்கப்புறம்தான் இந்த டின்னைக் கேட்டு மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆள் வருகிறார்கள் என்றார்.

எச்எம்டியின் கறுப்பு டயல் ‘பைலட்’ வாட்ச் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, லென்ஸையும் நீட்டினார். முட்களின் நடுவில் அடைத்திருந்த பூச்சு மஞ்சள் ஏறி, மயிரிழை வெடிப்புகளோடு இருந்தது. மணிப் புள்ளிகளிலும் அதே மஞ்சள். ஆறு மணிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி கருத்திருந்தது.

“மலை ஈரம் தம்பி. கிளாஸுக்குள்ள ஈரம் எறங்கிட்டா பூச்சு கருத்துப்போகும். அப்படிக் கருத்தா விலை கொறையும். இந்த மஞ்சள் இருக்கே, எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல இருந்தா, அதுக்குத்தான் காசு.”

“வெளிச்சமே வரலையேண்ணே, அதுக்கா காசு?”

அவர் லைட்டை அணைத்துவிட்டு, கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கைப் பைலட்மேல் பிடித்தார். பூச்சு லேசாகத் தெரிந்தது. விளக்கை எடுத்ததும் அணைந்துவிட்டது. அடுத்தது ஒரு பழைய வெஸ்ட் எண்ட் ‘சோவார்’. பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களும் ரயில்வேக்காரர்களும் கட்டிய சுவிஸ் வாட்ச் அது. விளக்குக்கு அது அசையவே இல்லை. மூன்றாவது, இன்னொரு பைலட். விளக்கை எடுத்த பிறகும் பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது. “இது பழைய டயல் இல்ல. மும்பையில பெயின்ட் அடிச்சது” என்றார்.

பழைய டயலில் பூசிய பொருளே வாட்சின் வயதைச் சொல்லிவிடும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பூசியது, ரேடியமும் துத்தநாக சல்பைடும் கலந்த கலவை. ரேடியத்தின் கதிர் பட்டு சல்பைடு ஒளிரும். சில பத்தாண்டுகளில் சல்பைடு தேய்ந்து ஒளி நின்றுவிடும். ரேடியம் பாதியாகக் குறையவோ 1600 ஆண்டுகள் ஆகும். 1960களில் டிரிட்டியம் வந்தது. அதன் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம். சுவிஸ் டயலின் அடியில் ‘டி’ எழுத்து இருந்தால் இந்தச் சரக்கு. 1993இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கதிர்வீச்சே இல்லாத லூமிநோவாவைக் கொண்டுவந்தது. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒளிரும் பொருள் அது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வாட்சின் டயல் இன்றும் பிரகாசமாக எரிந்தால், இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். முள்ளின் பூச்சு ஒரு நிறம், புள்ளியின் பூச்சு வேறு நிறம் என்றால் முள் மாறியிருக்கலாம். சேகரிப்பவர்கள் விலை பேசுவதற்கு முன் பார்ப்பது இதைத்தான்.

டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் இந்தியாவிலிருந்து போகும் வாட்சுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். போடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாயம் ஏற்றிப் பச்சையாக்கிய ஏலக்காயை இங்குள்ள வியாபாரி விரலால் தேய்த்தே கண்டுபிடிப்பார். வாட்சிலும் விலை இயற்கையான நிறத்துக்குத்தான்.

ஆனால் அந்த நிறத்துக்குப் பின்னால் ஆபத்தும் இருக்கிறது. “அப்பா காலத்துல ரேடியம் மங்கிப்போச்சுன்னா பிளேடால சுரண்டி, வாயால ஊதிவிட்டுட்டுப் புதுசு வைப்பாங்க” என்று அவர் சொன்னபோது எனக்குப் பதறியது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரில் 1917 முதல் டயலுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படித்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை.

இந்தக் கதையில் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியிலிருந்து மணல் கப்பலேறியது. காஸ் லைட் மேண்டிலுக்காக அதுபோன்ற மணலிலிருந்து தோரியம் எடுக்கும்போது கூடவே கிடைத்த மீசோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளும், ரேடியத்துக்கு அடுத்தபடியாக டயல் பூச்சில் சேர்ந்தது.

மணிக்கட்டில் மூடியபடி கிடக்கும் பழைய வாட்சைவிட, திறந்து சுரண்டும்போது பறக்கும் தூசிதான் பெரிய ஆபத்து. உள்ளே போனால் எலும்பில் தங்கிவிடும். ஊதா விளக்கை மட்டும் நம்பி இது ரேடியமா இல்லையா என்று முடிவுகட்டக் கூடாது. அதற்குக் கதிர்வீச்சு அளக்கும் கருவி வேண்டும். தாத்தாவின் வாட்ச் வீட்டில் இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள், படுக்கை அருகிலும் குழந்தைகள் கைக்கெட்டும் இடத்திலும் வைக்காதீர்கள். எந்தத் தோட்டத்தில், யார் கட்டியது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள்.

இந்தக் கடைக்காரர் இப்போது டயலில் கை வைப்பதில்லை. டயலையும் முட்களையும் தனி டப்பாவில் மூடி வைத்துவிட்டு, மெஷினை மட்டும் பிரித்து, பெட்ரோலில் கழுவி, எண்ணெய் விட்டுப் பூட்டுகிறார். அதற்குரிய சர்வீஸ் கூலிதான் அவருக்கு. வாங்கிப் போகிறவர் அதே வாட்சைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார். அந்தப் பல மடங்குக்குக் காரணம், இவர் தொடாமல் விட்ட அந்தப் பூச்சு.

எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது என்று தெரிந்த கை வருஷக்கணக்கான பழக்கத்தில் வருவது. புதுப்பித்துக் கொடுத்தால் காசு கொடுக்கிறோம். காப்பாற்றிக் கொடுத்தால் பேரம் பேசுகிறோம். பழைய வாட்சை நேசிக்கிறவர்கள் விலையில் ஒரு பங்கை இந்தக் கைகளுக்கும் தர வேண்டும். போடி மாதிரி ஊர்களில் இப்படிப்பட்ட கடைகள் மூடிவிட்டால், பிறகு மிஞ்சுவது பெயின்ட் அடித்த டயல்கள்தான்.