ஆறு மாசத்துக்கு மட்டும் தமிழ் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்றால் போபாலில் எங்கள் வீட்டில் கோவில்பட்டி நேரம். ஆச்சியோடு வீடியோ கால். ஆச்சி என்றால் என் அம்மா. எங்கள் ஊர்ப் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் ஆச்சி."

"பரீட்சை முடிஞ்சுட்டா?"

"முடிஞ்சு ஆச்சி."

"அங்க மழை உண்டா?"

"இல்ல ஆச்சி. அப்பாட்ட தரேன்."

அவ்வளவுதான், போன் என் கைக்கு வந்துவிடும். போன மே மாதம் வரை இதுதான் நிலைமை. என் மகளுக்குப் பதினாறு வயது. இந்தியில் வாய் ஓயாது. ஆங்கிலத்தில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள். குஜராத்தியில் சண்டையே போடுவாள். தமிழில் மட்டும் மூன்று பதில்களோடு சரக்கு தீர்ந்துவிடும். இத்தனைக்கும் அவளுடைய தாத்தா முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவர்.

இது எப்படி நடந்தது? கொஞ்சம் கொசுவத்தி சுத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம்

2009 ஜனவரியில் பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் தங்கமணி அவள் அம்மா வீட்டில். நான் நாக்பூர் கிளையில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பில். ஐந்தாம் மாதம்தான் தாயையும் பிள்ளையையும் நாக்பூருக்கு அழைத்து வந்தேன். அன்றிலிருந்து அப்பாவிடமிருந்து தினம் ஒரு போன். "செங்கீரை ஆடுதாடா?" என்பார். ஒன்றும் புரியாமல் முழிப்பேன். நமக்கு பி.காம். தமிழ் அவ்வளவுதான்.

அவரே விளக்குவார். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, அதற்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறாக மூன்று. ஐந்தாம் மாதம் குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதம் உட்கார்ந்து கை தட்டுவது சப்பாணி. ஒரு வயது தாண்டித் தளர்நடை போட்டு வருவது வருகை. தடுப்பூசி அட்டையோடு தருகிற வளர்ச்சிப் பட்டியலை நம் புலவர்கள் எப்போதோ பாட்டாக எழுதி வைத்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி.

கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி அது. காதுக்குள் நடப்பது நமக்குத் தெரிவதில்லை. பிறந்த குழந்தைக்குத் தாயின் குரல் ஏற்கனவே பழக்கம். கருவிலேயே கேட்டிருக்கிறது. 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'த', 'ட' ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்து அறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளால் முடியவில்லை. அதாவது ஒரு வயதுக்குள் குழந்தையின் காது "இது நம் வீட்டு மொழி, இது இல்லை" என்று தரம் பிரிக்க ஆரம்பித்துவிடுகிறது. பேச்சு வருவதற்கு முன்பே!

அந்த வருடம் எங்கள் வீட்டில் தமிழுக்குக் குறைவில்லை. ஆச்சி வந்து ஆறு மாதம் இருந்தார். குளிப்பாட்டும்போது ஒரு பாட்டு, சோறு ஊட்டும்போது ஒரு கதை.

ஒன்று முதல் மூன்று

முதல் வார்த்தை "ண்ணி". தண்ணிதான். இரண்டு வயதில் பத்துப் பதினைந்து வார்த்தைகள் இருந்தன. 2011 ஜூனில் போபாலுக்கு மாற்றல். புது ஊர், புது வீடு. இரண்டரை வயதிலும் இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லவில்லை. இருந்த வார்த்தைகளும் குறைகிற மாதிரி இருந்தது. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் மாட்டாள். பிடிவாதம் என்று நினைத்தோம்.

அப்பா பதற்றப்படவில்லை. "நம்ம ஸ்ரீவைகுண்டத்து குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசலைன்னு சொல்லுவாங்க. திருச்செந்தூர் முருகன் சன்னதியிலதான் வாய் தொறந்தாராம். அப்புறம் அவரே மீனாட்சிக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார்லா" என்றார். தங்கமணிக்கு அந்தப் பொறுமை இல்லை. எனக்கும்தான்.

ஒரு டாக்டரிடம் போனோம். அவர் ஐந்து நிமிடம் பார்த்தார். "வீட்டில் தமிழ், வெளியே இந்தி, டிவியில் ஆங்கிலம். குழந்தை குழம்பியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு வீட்டிலும் இந்தி மட்டும் பேசுங்கள்" என்று சொல்லிச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

அன்று இரவிலிருந்து அமல். வங்கியில் பிராக்ய பரீட்சை பாஸ் செய்த இந்தியை வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையைக் கொஞ்சிய ஆள் நானாகத்தான் இருப்பேன். சுற்றறிக்கைக்கு மொழிபெயர்ப்பு எழுதுகிற நடையில் "பால் குடி" என்றால் எந்தக் குழந்தை குடிக்கும்? தங்கமணி தாலாட்டை நிறுத்தினாள். இந்தியில் அவளுக்குத் தாலாட்டு தெரியாது. விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா தட்டிக்கொடுப்பாள்.

நான்கு மாதம் கழித்து ஜலதோஷத்துக்காக வேறொரு டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "காது பரிசோதனை செய்தீர்களா?" செய்யவில்லை. செய்தோம். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. சின்னக் குழந்தைகளுக்கு இது அடிக்கடி வருவதுதானாம். பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும், சிலருக்கு வைத்தியம் தேவைப்படும். அது இருக்கும்வரை தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல மங்கலாகக் கேட்கும். எங்களுக்கு வைத்தியம் தேவைப்பட்டது. நீர் வடிந்தது. மூன்று வயதில் பேச ஆரம்பித்தாள், மடை திறந்த மாதிரி. இந்தியில்.

பழியெல்லாம் தமிழ் மேல் போட்டோம். குற்றவாளி காதுக்குள் இருந்திருக்கிறான்.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகாது என்பதில் இன்று பேச்சு நிபுணர்களிடம் கருத்து வேறுபாடு இல்லை. நம் பாஷையில் சொன்னால், ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு சேமிப்புக் கணக்கு. ஒன்றில் முப்பது ரூபாய், இன்னொன்றில் நாற்பது ரூபாய். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏழை மாதிரித் தெரியும். இரண்டையும் கூட்டித்தான் இருப்பு சொல்ல வேண்டும். தினமும் கணக்கோடு மாரடிக்கிறவன் நான், எனக்கு இது தோன்றவில்லை.

மூன்று முதல் ஆறு

காது சரியாகிவிட்டது. டாக்டர் சொன்ன ஆறு மாதமும் முடிந்துவிட்டது. தமிழுக்குத் திரும்பியிருக்க வேண்டியதுதானே? இங்கேதான் என் பங்கு வருகிறது.

பள்ளியில் சேர்ப்பதற்கு நேர்காணல் இருந்தது. அது முடியட்டும் என்றோம். பிறகு யுகேஜி. பிறகு முதல் வகுப்பு. பிள்ளை சரளமாகப் பேசுவதைப் பார்க்கிற சந்தோஷத்தில், எந்த மொழியில் பேசுகிறாள் என்பதைக் கவனிக்காமல் விட்டோம். உண்மையில் சௌகரியமாக இருந்தது.

இந்த வயதில் குழந்தைகள் தனியாக விளையாடும்போது தாங்களே பேசிக்கொள்வார்கள் இல்லையா? அந்தப் பேச்சுதான் மெல்ல உள்ளே போய் சிந்தனையாகிறது என்று ரஷ்யாவின் வைகாட்ஸ்கி எழுதினார். என் மகள் பொம்மைக்கு ஊசி போட்டது இந்தியில். பொம்மையைத் திட்டியதும் இந்தியில்.

தமிழ் எங்கள் வீட்டில் ரகசிய மொழியானது. பிள்ளைக்குத் தெரியக்கூடாதது என்றால் தமிழ். கடன், சம்பளம், சொந்தக்காரர் சண்டை, எங்கள் சண்டை. விளைவு, அவளுக்குத் தமிழ் புரியும். முக்கியமாகச் சண்டைத் தமிழ் நன்றாகவே புரியும்.

ஏழு முதல் பதினொன்று

2015-இல் அகமதாபாத். இந்த வயதில் பிள்ளைகளுக்கு வீட்டைவிடக் கூட்டாளிகள் பெரிது. விளையாட்டில் விதிமுறை, நியாய அநியாயம், யார் கூட்டு, யார் டூ என்று தனி உலகம். நவராத்திரிக்கு கர்பா ஆடியே ஒரு வருடத்தில் குஜராத்தி பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. தேவை இருந்தது, வந்துவிட்டது. எங்கள் வீட்டில் தமிழுக்கு அந்தத் தேவையை நாங்கள் உண்டாக்கவில்லை.

கோடை விடுமுறையில் கோவில்பட்டி போனால் அத்தை பிள்ளைகள் தெருவில் ஆடுவார்கள். இவள் வாசல்படியில் உட்கார்ந்து பார்ப்பாள். அப்பா ஒரு தடவை அவளைக் கூப்பிட்டு, "உனக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு சொல்லு" என்றார். பள்ளியில் படித்த இந்திக் கவிதை ஒன்றை முழுதாகச் சொன்னாள். அப்பாவுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. கடைசி வரை கேட்டுவிட்டு, "உச்சரிப்பு சுத்தமா இருக்குடா" என்று என்னிடம் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2018-இல் காலமானார். தாத்தாவும் பேத்தியும் ஒரு முழுப் பேச்சு பேசியதே இல்லை.

பதின்பருவம்

எரிக் எரிக்சன் 1950-இல் எழுதிய புத்தகத்தில் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். பதின்பருவம் ஐந்தாவது. "நான் யார்?" என்ற கேள்வியின் கட்டம். எரிக்சனும் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர்தான். ஊர் மாறியவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி இரட்டிப்பாக வரும். "எந்த ஊர்?" என்று பள்ளியில் கேட்டால் "தமிழ்" என்கிறாள். "தமிழ் பேசு பார்க்கலாம்" என்றால் முழிக்கிறாள்.

போன மே மாதம் கோவில்பட்டி மொட்டை மாடியில் படுத்திருந்தோம். ஆச்சிக்கு இப்போது எண்பத்திரண்டு. காது மந்தம். அன்று மாலை இவள் கையைப் பிடித்துக்கொண்டு தன் கல்யாணக் கதையை ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறார். பாதி புரிந்ததாம். திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தனவாம். கேட்க முடியவில்லை. இருட்டில் இந்தியில் கேட்டாள்: "எனக்கு ஏன் தமிழ் சொல்லித் தரல?"

காது, டாக்டர், ஆறு மாதம் எல்லாம் சொன்னேன். நம்பவில்லை. போபால் திரும்பியதும் பழைய மருத்துவக் கோப்பை எடுத்துக் காட்டினேன். சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "ஆறு மாசம்னுதானே எழுதியிருக்கு?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. தங்கமணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பதின்மூன்று வருடக் கணக்கு. தணிக்கையில் மாட்டிய அதிகாரி மாதிரி நின்றேன். "தப்பு எங்க மேலதான்மா" என்றேன், தமிழில்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நண்பர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. ஒரு வயதாகியும் மழலை ஒலிகள் இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேரவில்லை, எந்த வயதிலும் வந்த பேச்சு குறைகிறது என்றால் காத்திருக்காதீர்கள். குமரகுருபரர் கதை ஆறுதலுக்கு மட்டும்.

இரண்டு. முதலில் காது பரிசோதனை. மொழியைக் குறை சொல்வது அதற்குப் பிறகு, அதுவும் வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பல மாவட்டங்களில் ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

மூன்று. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ, கோபப்பட வருமோ, அந்த மொழியில் பேசுங்கள். ஊர் மொழியைத் தெரு சொல்லித்தரும். வீட்டு மொழியைத் தெரு சொல்லித்தராது.

நான்கு. தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். உச்சரிப்பு கொஞ்சம் சண்டித்தனம் செய்யும். ஆனால் சொல்லும் இலக்கணமும் எந்த வயதிலும் வரும். கேட்டுப் புரிகிற பிள்ளை பாதிக் கிணறு தாண்டிய பிள்ளை.

அப்பா சொன்ன கதையில் ஒரு பாதியை நான் அப்போது கவனிக்கவில்லை. அதே குமரகுருபரர் பின்னாளில் காசிக்குப் போய் இந்துஸ்தானி கற்று, அங்கே மடம் வைத்தார் என்பார்கள். ஒன்றைக் கற்க இன்னொன்றை அவர் விடவில்லை.

இப்போது ஞாயிறு மட்டுமல்ல, தினமும் ராத்திரி எட்டரைக்கு ஆச்சிக்கு இவளே போன் போடுகிறாள். பத்து நிமிடம். நான் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்பேன். 'பழம்' இன்னும் 'பலம்'தான். அம்மா 'வந்தான்' என்கிறாள். இந்தியில் 'ஹம்' ஒன்றுதான் என்பதால் 'நாம', 'நாங்க' வித்தியாசம் பிடிபடவில்லை.

நேற்று, "ஆச்சி, நாம சாப்ட்டோம்" என்றாள்.

"நான் இன்னும் சாப்பிடலையேட்டி" என்றார் ஆச்சி. ஒரே சிரிப்பு.

போனை வாங்கி, "அது 'நாங்க'ன்னு திருத்தும்மா, அப்பதான் படிப்பா" என்றேன்.

"அவ சொன்னது சரிதாம்லே. நீ போனை அவகிட்ட குடு" என்றார்.

டிஸ்கி: நான் மருத்துவன் இல்லை, கடன் கோப்பு பார்க்கிறவன். உங்கள் பிள்ளை விஷயத்தில் சந்தேகம் இருந்தால் நல்ல டாக்டரிடம் கேளுங்கள். சீட்டில் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.