மாதிரி ரயிலுக்கு ஏற்ற டர்ன்டேபிள்

மாதிரி ரயில் லேஅவுட்டுக்கு டர்ன்டேபிள் (எஞ்சினைத் திருப்பும் சுழல் பாலம்) வாங்கும்போது முதலில் அளக்க வேண்டியது எஞ்சினின் முதல் சக்கரத்திலிருந்து டெண்டரின் (நிலக்கரி, தண்ணீர் வண்டியின்) கடைசிச் சக்கரம் வரையுள்ள தூரம். பிரிட்டனின் ஏ4 வகை நீராவி எஞ்சினில் இது ஏறத்தாழ 61 அடி. அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற ஓஓ அளவில் 244 மி.மீ. அங்கே பெரிய ஷெட்களில் இருந்த 70 அடி டர்ன்டேபிள் 280 மி.மீ. ஆகிவிடும், ஏ4 தாராளமாகத் திரும்பும். கிளைப்பாதையின் சின்ன நிலையத்துக்கு அவ்வளவு பெரியது பொருந்தாது.

பலகையில் டர்ன்டேபிளுக்கான பள்ளம் வெட்டுமுன் அடியில் குறுக்குச் சட்டம் ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பாலத்துத் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் சக்கரம் தடம் புரளலாம். விளிம்பின் அடியில் மெல்லிய அட்டைத் துண்டு செருகினால் சமமாகும்.

பலரையும் திணறடிப்பது மின்இணைப்புதான். இரு தண்டவாள மின்முறையில், பாலம் அரைச்சுற்று திரும்பியதும் மின்முனைகள் இடம் மாறி ஷார்ட் சர்க்யூட் ஆகும். அச்சில் இரண்டாகப் பிளந்த பித்தளை வளையம் பொருத்தினால் முனைகள் தாமாகவே மாறிக்கொள்ளும். வளையத்தின் வெட்டு, எந்தத் தடமும் சேராத கோணத்தில் அமைவது முக்கியம்.

மோட்டாரைப் பிறகு சேர்க்கலாம். முதலில் பாலத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு தடத்திலும் எஞ்சினை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.